மரபு என்னும் சொல்லும் இரு செடிகளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இலக்கிய வட்டத்தின் விழா மேடையில் மரபணுப் பொறியியலுக்கு என்ன வேலை என்று வினவுதல் இயல்பே. அச்சொல்லை அறிவியலார் கொண்டுவந்து கவிஞர்தம் கையில் திணிக்கவில்லை; கவிஞர்களே விரும்பி எடுத்துக்கொண்டனர். 'குருதி', 'நரம்பு', 'உதிரம்' என்னும் பழஞ்சொற்கள் நின்ற இடத்தில் இன்று 'மரபணு' வந்து அமர்ந்துள்ளது. தமிழ் தம் மரபணுவிலேயே கலந்துள்ளது என்று யாரேனும் ஒருவர் பாடாத கவியரங்கம் அரிது. அவ்வரிக்குக் கைதட்டல் எழாத அரங்கம் அதனினும் அரிது. ஒரு சொல்லை இத்துணை உரிமையோடு ஆள்வோர் அதன் பொருளையும் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணமே இவ்வுரைக்கு அடிப்படை.

மற்றொரு காரணம் நிலஞ்சார்ந்தது. நெய்வேலிக்கு வடகிழக்கே, பண்ருட்டியிலிருந்து கடலூர் செல்லும் வழியில் பாலூர் உள்ளது. கிழக்கே, சற்றுத் தெற்காக, கடலோரத்தில் பிச்சாவரம் உள்ளது. பாலூரின் கத்தரிச் செடிக்குள் வெளியிலிருந்து ஒரு மரபணு வந்து புகுந்தது. பிச்சாவரத்தில் செழித்து வளரும் ஒரு மர இனத்திலிருந்து ஒரு மரபணு புறப்பட்டு நெல்லுக்குள் சென்றது. இவ்விரண்டும் நிகழ்ந்தது இந்நகரியத்தார் நாளும் பயணஞ்செய்யும் மாவட்டத்தின் செடிகளில். ஆயினும் இவ்விரண்டைப் பற்றியும் இம்மாவட்டத்தில் பேசப்பட்டது மிகக் குறைவு.

சொல்லிலிருந்து தொடங்குதல் தமிழ் மேடைக்கு ஏற்புடையது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒன்பதாம் இயல், அதாவது இறுதி இயல், மரபியல் எனப் பெயர்பெறும். விலங்கு, பறவை ஆகியவற்றின் இளமைப் பெயர்கள், ஆண்பாற் பெயர்கள், பெண்பாற் பெயர்கள் ஆகியவை அதில் கூறப்படுகின்றன. ஓரறிவு முதல் ஆறறிவு ஈறான உயிர்ப் பாகுபாடும், புறத்தே வயிரம் உடையது புல், அகத்தே வயிரம் உடையது மரம் என்னும் பகுப்பும் அங்குள்ளன. இடைச்செருகல்கள் மிகுந்த இயல் என அறிஞர் சிலர் ஐயுற்றதும் இவ்வியலைத்தான். இன்று பள்ளிப் பாடநூலில் மரபியல் என்றால் பெற்றோரின் பண்பு பிள்ளைக்கு உடல்வழி இறங்குவதை ஆராயும் அறிவியல் துறை. பழைய இயலின் பெயர் புதிய துறைக்கு அப்படியே பொருந்திவிட்டதாகவே மேலோட்டமாகத் தோன்றும்.

பொருந்தவில்லை என்பதே உண்மை. தொல்காப்பியர் கருதிய மரபு வழக்கினால் அமைந்தது. ஆவின் இளமையைக் கன்று என்பதும் கீரியின் இளமையைக் குட்டி என்பதும் மக்கள் பேசிப் பேசி நிலைபெறச் செய்தவை. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தாலன்றி அவை நில்லா. இன்றைய மரபியல் கூறும் மரபு கற்பிக்கப்படாமலே இறங்குவது. கன்றுக்குக் 'கன்று' என்னும் பெயர் ஊரார் இட்டது; அதன் நெற்றிச் சுட்டி பசுவும் காளையும் அளித்தது. ஒரே சொல் இவ்விரு பொருளையும் சுமக்கும்போது ஒன்றின் இயல்பை மற்றொன்றின் மேல் ஏற்றிவிடும் இடர் உண்டு. கவியரங்க வரியில் நேர்ந்தது அதுவே.

மொழி மரபணுவில் இல்லை. இதற்குச் சான்று தேடி ஆய்வுக்கூடம் செல்ல வேண்டுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொரிசியசுக்கும் ரீயூனியனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்தம் வழித்தோன்றல்களை எண்ணிப் பார்த்தால் போதும். முன்னோரின் உடல்மரபு அவர்களிடம் உள்ளது. பெயர்களும் காவடியும் தீமிதியும் உள்ளன. பெரும்பாலோரிடம் மொழி இல்லை. மறுபுறம் இந்நகரியத்தின் குடியிருப்புகளில் மலையாளமும் தெலுங்கும் இந்தியும் பேசும் பெற்றோரின் பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் தமிழிலே சண்டையிட்டுத் தமிழிலே சமாதானம் ஆகின்றனர். மொழி தொல்காப்பியர் கூறும் மரபைச் சார்ந்தது. தமிழ் மரபணுவில் இருக்கிறது என்று பாடுவோர், தாம் அறியாமலே, அதனைக் கற்பிக்கும் கடமையிலிருந்து பெற்றோரை விடுவித்துவிடுகின்றனர். பிறப்பையும் குருதியையும் கொண்டு மக்களைப் பிரித்த பழைய கணக்கு ஒன்று இந்நாட்டில் உண்டு; அதற்கு அறிவியல் ஆடை உடுத்தும் வேலையையும் அவ்வரி செய்துவிடலாம்.

இனி, மரபணு என்பது யாது?

உயிரணுவின் உட்கருவுக்குள் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் சுருண்டு கிடக்கும் நெடிய இழையே டி.என்.ஏ. முறுக்கிய நூலேணியைப் போன்ற அவ்விழையின் படிகள் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு மூலக்கூறுகளால் ஆனவை. அடினைன் தைமினோடும் குவானைன் சைட்டோசினோடும் மட்டுமே இணையும். ஆதலின் ஏணி நடுவே பிளந்தால் ஒவ்வொரு பாதியும் தன் மறுபாதியைத் தானே அமைத்துக்கொள்ளும். பிள்ளை பெற்றோரை ஒத்திருப்பதன் கமுக்கம் இவ்வளவே. இந்த நான்கும் மும்மூன்றாக வரிசையுற்றால் 64 சேர்க்கைகள் கிடைக்கும். ஒவ்வொரு மூன்றும் ஓர் அமினோ அமிலத்தையோ, 'இத்துடன் நிறுத்துக' என்னும் ஆணையையோ குறிக்கும். அமினோ அமிலங்கள் 20. அவை கோத்தால் புரதம். ஒரு புரதத்துக்கோ அதுபோன்ற ஒரு செயற்பொருளுக்கோ உரிய இழைப்பகுதியே மரபணு. இக்குறியீட்டை அவிழ்த்தமைக்காக 1968-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் அர் கோவிந்த் கொரானா. அக்குறியீட்டைப் படித்துப் புரதமாய்க் கோக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டமைக்காக 2009-ஆம் ஆண்டு பரிசு பெற்றவர்களுள் ஒருவரான வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர்.

மனிதரின் டி.என்.ஏ. ஏறத்தாழ 300 கோடி படிகள் கொண்டது. நெல்லினது ஏறத்தாழ 40 கோடி. நெல்லின் முழு வரிசையையும் படித்தறிந்த பன்னாட்டுக் கூட்டுமுயற்சி 2005-இல் நிறைவெய்தியது. பதினோராம் குரோமோசோமைப் படித்ததில் இந்திய அறிவியலாருக்குப் பங்குண்டு. மனிதரிடம் புரதம் ஆக்கும் மரபணுக்கள் 20,000 அளவில் இருக்க, நெல்லிடம் 30,000-க்கும் மேல் உள்ளன. ஆறறிவுடைய உயிரைவிட ஓரறிவுடையதிடம் இவை மிகுதியாய் இருப்பது கண்டு ஆறறிவினர் சற்று அடக்கம் கொள்ளலாம்.

நான்கு 'எழுத்து', மூன்றெழுத்துச் 'சொல்', முழு 'நூல்' என்று இதனை விளக்குவது உலக வழக்கம். கவிஞர்க்கு இவ்வுவமை இனிக்கும். ஓரளவுக்கு உதவவும் செய்யும். அதற்குமேல் வழிதவறச் செய்யும். நூலிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வேறொரு நூலில் வைத்தால் அதன் பொருளைப் படிப்பவர் உணர்கிறார். மரபணுவை உணர்பவர் எவரும் இலர். அது எவ்வளவு, எப்போது, எவ்வுறுப்பில் வேலை செய்யும் என்பதை அதன் அண்டையிலுள்ள இயக்கும் பகுதிகளும் செடியின் வயதும் வெயிலும் நீரும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. யாப்பறிந்தோர்க்கு வேறொரு உவமை கூறலாம். தனியே எடுத்த சீர் ஒன்றுக்குத் தளை இல்லை. அடுத்த சீரோடு நின்றால்தான் தளை உண்டு. மரபணுவும் அத்தகையது. ஆயினும் நெல், கத்தரி, பாக்டீரியா, மனிதர் ஆகிய அனைத்துயிரும் சிற்சில விலக்குகள் நீங்கலாக ஒரே குறியீட்டைக் கொண்டுள்ளன என்பதே மரபணுப் பொறியியலின் முதல். ஓர் உயிரின் மரபணுவை மற்றோர் உயிர் படித்துச் செயற்படுத்தக் கூடியது இதனாலேதான்.

பிச்சாவரத்துக்கு வருவோர் பெரும்பாலும் படகில் ஒருமணிப் பொழுது சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் சிறு சிறு திட்டுகளாய்ப் பரந்துள்ள அலையாத்திக் காடு அது. சங்க இலக்கிய நெய்தல் பாடல்களில் வரும் கண்டல் இத்தகைய கழிக்கரைக் காடுகளின் மரமே. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டினது. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும். சிதம்பர வழிபாட்டில் திளைப்போர் பலர் அம்மரத்தைக் கண்டதில்லை. பிச்சாவரத்தில் அது இன்றும் நிற்கிறது. ஊரார் சுரபுன்னை என்றழைக்கும் ரைசோபோரா இனங்களும் அங்குள்ளன. அவற்றுள் இரண்டு இயற்கையிலே கலந்து பிறந்த கலப்பினம் ஒன்றைப் பரங்கிப்பேட்டைக் கடலுயிரியல் மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் கதிரேசன் 1995-இல் அறிவித்தார். அதற்கு ரைசோபோரா அண்ணாமலயானா எனப் பல்கலைக்கழகத்தின் பெயர் சூட்டப்பட்டது.

இக்கலப்பை இங்கு நினைவிற் கொள்ளுதல் நலம். இனங்கள் கலப்பது இயற்கைக்குப் புதிதன்று, மனிதருக்கும் புதிதன்று. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் கரும்பை நாணலோடு கலந்து உண்டாக்கிய கோ 205 என்னும் இரகம் 1918-இல் வெளிவந்தது. அந்நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள் கரும்பைச் சோளத்தின் இனங்களோடும் மூங்கிலோடும் கலந்து பார்த்தார். ஆனால் கரும்பும் நாணலும் உறவினம். ஆயிரக்கணக்கான மரபணுக்கள் மொத்தமாய்க் கலக்கின்றன. எது எங்கே சேரும் என்பது எவர் கையிலும் இல்லை. மரபணுப் பொறியியல் செய்வது வேறு. உறவு வேண்டுவதில்லை, வேண்டிய ஒன்றை மட்டும் எடுக்கலாம்.

பிச்சாவரத்தில் மிகுதியாய் வளரும் வெண்கண்டல், அதாவது அவிசீனியா மரினா, உவர்நீரிலே வேரூன்றி வாழ்கிறது. சேற்றுக்கு மேலே எழுதுகோல்களை நட்டாற்போல் மூச்சுவேர்களை நீட்டுகிறது. உள்ளே புகுந்த உப்பை இலைச் சுரப்பிகளின் வழியே வெளியேற்றுகிறது. உலர்ந்த நாளில் இலையைத் தடவினால் உப்புப் பொடி விரலில் ஒட்டும். நெல்லோ உப்பைத் தாங்காத பயிர். கடல்நீர் புகுந்த வயல் பல பருவங்களுக்கு விளைச்சல் இழக்கும் என்பதை 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-க்குப் பின் கடலூர், நாகை உழவர் பட்டறிந்தனர். காடு மறைத்து நின்ற ஊர்கள் சிலவற்றில் அலையின் சேதம் குறைந்தது என ஆய்வாளர் எழுதினர்; காட்டின் பங்கு எவ்வளவு என்பதில் பிற ஆய்வாளர் மாறுபட்டனர்.

உப்பைத் தாங்கும் மரத்தின் திறத்தை நெல்லுக்குத் தரலாகாதா? 1988-இல் சென்னையில் எம். எஸ். சுவாமிநாதன் தொடங்கிய ஆராய்ச்சி அறக்கட்டளையில் அஜய் பரிடாவும் அவர்தம் குழுவினரும் மேற்கொண்ட வினா இது. குழுவின் வேலையைக் கூர்ந்து நோக்கினால் மரபணுப் பொறியியலின் அடிப்படை நுட்பங்கள் யாவும் அதில் அடங்கியிருப்பதைக் காணலாம்.

ஒரு மரபணு வேலை செய்யும்போது அதன் படி ஆர்.என்.ஏ. வடிவில் உயிரணுவில் உலவும். ஆதலால் இலையிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தால் அப்பொழுது விழித்திருக்கும் மரபணுக்கள் யாவை என்பது தெரியும். அப்படிகளை நொதியின் துணையால் மீண்டும் டி.என்.ஏ.வாக மாற்றிச் சேமித்து வைப்பர். அத்தொகுப்பிலிருந்து பயன்தரத்தக்க ஒன்றைத் தேர்வர். பரிடா குழுவினர் தேர்ந்தவற்றுள் ஒன்று சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதிக்குரியது. உப்பாலும் வறட்சியாலும் துன்புறும் செடியினுள்ளே நச்சுத்தன்மை கொண்ட ஆக்சிஜன் வடிவங்கள் பெருகி உயிரணுவை அரிக்கும். இந்நொதி அவற்றின் கொடுமையைத் தணிக்கும்.

அடுத்தது வெட்டுதலும் ஒட்டுதலும். பாக்டீரியாக்களிடம் குறிப்பிட்ட வரிசையைக் கண்ட இடத்தில் மட்டும் டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் உள்ளன. தம்மைத் தாக்கும் நச்சுயிரிகளை வெட்டிப்போட அவை வைத்திருக்கும் கத்திகள். வெட்டிய முனைகளை இணைக்க வேறொரு நொதி உண்டு. பாக்டீரியாவின் உடலில் தனி வளையமாய்ச் சுற்றிவரும் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ.வை வெட்டி, அதில் அயல் மரபணுவை ஒட்டி, மீண்டும் பாக்டீரியாவுக்குள் செலுத்தலாம் என்பதை 1973-இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் செய்துகாட்டினர். பாக்டீரியா பெருகப் பெருக அம்மரபணுவும் பெருகும். அறிவியலார் தம் வேலையைக் கண்டு தாமே அஞ்சி, 1975-இல் கலிபோர்னியாவின் அசிலோமரில் கூடிக் கட்டுப்பாடுகள் வகுத்துக்கொண்டனர். ஒரு துறையினர் தம் கையைத் தாமே கட்டிக்கொண்ட அரிய நிகழ்ச்சி அது.

செடிக்குள் மரபணுவைச் செலுத்தப் பெரிதும் பயன்படும் தூதன் அக்ரோபாக்டீரியம். மரத்தின் காயத்தில் புகுந்து கழலையை உண்டாக்கும் மண்வாழ் நுண்ணுயிர் அது. தன் பிளாஸ்மிட்டின் ஒரு துண்டைச் செடியின் குரோமோசோமுக்குள் செருகித் தனக்கு உணவு சமைக்கும்படி செடியை ஏவும் திருட்டுத்தனம் அதனிடம் இருந்தது. அறிவியலார் நோய்தரும் துண்டை நீக்கிவிட்டு வேண்டிய மரபணுவை அவ்விடத்தில் வைத்தனர். மனிதர் கண்டுபிடித்த வழி என்று பெருமைப்படுவதைவிட, பாக்டீரியா நெடுங்காலமாய்ச் செய்துவந்ததை மனிதர் பின்பற்றினர் என்பது பொருந்தும். மரபணு புகுந்த உயிரணுக்களைத் திசு வளர்ப்புக் குடுவையில் வளர்த்து முழுச் செடியாக்குவர். மரபியலில் தொல்காப்பியர், ஓரறிவுயிர்க்குப் பிள்ளை, கன்று முதலிய இளமைப் பெயர்கள் பொருந்தினும் நெல்லுக்கும் புல்லுக்கும் அவை பொருந்தா என விலக்குகிறார். குடுவையில் முளைத்தாலும் நெல்லுக்கு நாற்று என்னும் பெயரே தகும்.

வெண்கண்டலின் மரபணு பூசா பாசுமதி 1 என்னும் நெல்லுக்குள் செலுத்தப்பட்ட செய்தி 2008-இல் ஆய்விதழில் வெளிவந்தது. ஏறத்தாழ லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலந்த நீரில், அதாவது கடலின் உப்பில் நான்கில் ஒரு பங்கு அளவில், அந்நெல் எட்டு நாள் தாக்குப்பிடித்தது. மாற்றப்படாத நெல் வாடியது. தொட்டியில் வளர்த்து உப்புநீர் பாய்ச்சியபோதும் மாற்றிய நெல்லே சிறந்து நின்றது.

இவ்வளவே. செய்தித்தாள்கள் எழுதியது போலக் கடல்நீரில் நெல் விளையும் நாள் வந்துவிடவில்லை. எட்டு நாள் தாங்குதல் வேறு. நட்ட நாள் முதல் கதிர் முற்றும் வரை தாங்கி மரக்கால் நிறைய விளைதல் வேறு. உப்பைத் தாங்குதல் ஒரு மரபணுவின் தொழிலும் அன்று. வேர், இலை, சுரப்பி, நேரம் யாவும் அறிந்து இயங்கும் பல மரபணுக்களின் கூட்டுத்தொழில். பாசுமதி கடலூர்க் கடற்கரை உழவரின் நெல்லும் அன்று. ஆய்வின் நேர்மையை இது குறைக்காது. ஆய்வின் எல்லையைக் காட்டும். சுவாமிநாதன் 2023-இலும் அஜய் பரிடா 2022-இலும் மறைந்தனர். வெண்கண்டலின் மரபணு ஏந்திய நெல் உழவர் வயலை எட்டவில்லை.

இனிப் பாலூர். அங்குள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் தந்த கத்தரி இரகம் பாலூர் 1. கத்தரியின் பெரும்பகை தண்டையும் காயையும் துளைக்கும் புழு. பூச்சிமருந்தை அடுத்தடுத்து அடித்து, அடித்த கையோடு சந்தைக்குக் காயை அனுப்பும் அவலம் உழவரும் உண்போரும் அறிந்ததே. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண் பாக்டீரியாவின் புரதம் அப்புழுவின் குடலைச் சிதைக்கும். அப்புரதத்துக்குரிய மரபணுவை மகிகோ நிறுவனம் கத்தரிக்குள் வைத்தது. 2005-இல் செய்த உடன்பாட்டின்படி வேளாண்மைப் பல்கலைக்கழகம் அக்கத்தரியோடு தன் இரகங்களைத் திரும்பத் திரும்பக் கலந்து அம்மரபணுவைத் தன் இரகங்களுக்குக் கொண்டுவந்தது. கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1 ஆகியவற்றோடு பாலூர் 1-உம் அவ்வரிசையில் இருந்தது.

2009 அக்டோபரில் நடுவண் அரசின் ஒப்புதற்குழு அக்கத்தரிக்கு இசைவளித்தது. எதிர்ப்பு மூண்டது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் இரமேஷ் மக்கள் கருத்தைக் கேட்கப் புறப்பட்டார். 2010 சனவரியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் கொல்கத்தா, புவனேசுவர், அகமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஐதராபாத், பெங்களூர் ஆகிய ஏழு நகரங்களில் கூட்டங்கள் நடந்தன. பிப்ரவரி 9-ஆம் நாள் கத்தரி நிறுத்திவைக்கப்பட்டது. அண்டை நாடான வங்காளதேசம் 2013-இல் இசைவளித்து அடுத்த ஆண்டு முதல் பயிரிட்டு வருகிறது. இந்தியாவில் தடை நீங்கவில்லை.

அந்த ஏழு நகரங்களுள் தமிழ்நாட்டு நகரம் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டின் நான்கு இரகங்கள் கூண்டில் நிறுத்தப்பட்ட வழக்கில் தமிழில் ஒரு கூட்டமும் கேட்கப்படவில்லை. தடை சரியா தவறா என்பதில் கற்றோரிடையே இன்றும் ஒருமைப்பாடு இல்லை. மருந்தடிப்பது குறையும் என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. கத்தரி தோன்றிய நிலப்பகுதிகளுள் ஒன்றான இந்தியாவில் நாட்டு இரகங்களோடு அம்மரபணு கலந்துவிடும் என்பார் அச்சத்திலும் உண்மை உண்டு. 2002-இல் இசைவுபெற்ற பி.டி. பருத்தி முதலில் காய்ப்புழுவை அடக்கியதும், பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிக்கொண்டதும் இருதரப்பாரும் எடுத்துக்காட்டும் செய்திகள். மாறாக, பாலூர்க் கத்தரியின் தலைவிதி பாலூர் உழவர் அறியாத மொழியில் எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை.

மருத்துவத்தில் இத்தகைய வழக்கு எழவில்லை. மனித இன்சுலினின் மரபணுவைப் பாக்டீரியாவில் வைத்துச் செய்த மருந்து 1982-இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. அதுவரை பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டது. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் அளித்த மஞ்சட்காமாலைத் தடுப்பூசியும் இவ்வழியில் வந்ததே. இந்நகரியத்தில் நாளும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர் எத்தனையோ பேர். மரபணு மாற்றத்தைக் கடிந்து பாடும் கவிஞருள்ளும் அவ்வூசி போடுவோர் இருக்கக்கூடும். தவறில்லை, குடுவைக்குள் அடைபட்ட பாக்டீரியா வேறு, காற்றில் மகரந்தம் தூவும் வயல் வேறு. அவ்வேறுபாட்டைச் சொல்லிவிட்டுக் கடிந்தால் கவிதைக்கும் வலிவு சேரும்.

உவர்நிலத்துக்கு விடை மரபணு மாற்றம் ஒன்றே என்று எண்ண வேண்டுவதில்லை. களர்ப்பாலை, குழியடிச்சான் முதலிய நாட்டு நெல்வகைகள் கடலோர வயல்களில் உப்பைத் தாங்கி விளைந்துவந்தவை. அவற்றைத் தேடிக் காத்தவருள் 2018-இல் மறைந்த 'நெல்' ஜெயராமனை அறியாதார் இலர். கேரளத்துப் பொக்காளி நெல்லில் உப்பைத் தாங்கும் குரோமோசோம் பகுதியை அடையாளங்கண்டு, அவ்வடையாளத்தின் துணையால் பிற இரகங்களுக்குக் கலப்பின் வழியே கொண்டுசெல்கின்றனர், இதுவும் உயிரித்தொழில்நுட்பமே. 2025 மே திங்களில் நடுவண் அரசு இரண்டு நெல் இரகங்களை அறிவித்தது. அயல் மரபணு ஏதும் சேர்க்காமல் நெல்லின் சொந்த மரபணுவில் ஒரு சிறு திருத்தம் மட்டும் செய்தவை அவை. 2012-இல் சார்பென்டியே, டவுட்னா ஆகிய இரு பெண் அறிவியலார் வெளியிட்டு 2020-இல் நோபெல் பரிசு பெற்ற கிரிஸ்பர் நுட்பம் இதற்குப் பயன்பட்டது. ஒன்று, தமிழக உழவர்க்குப் பழகிய சம்பா மசூரியின் திருத்தம். மற்றொன்று, வறட்சியையும் உப்பையும் தாங்க வேண்டித் திருத்தப்பட்டது. இத்தகைய திருத்தத்துக்கு மரபணு மாற்றுப் பயிருக்குரிய கடுஞ்சோதனைகள் வேண்டா என்று 2022-இலேயே விலக்களிக்கப்பட்டுவிட்டது. ஆதலின் இவை பற்றிய விவாதம் விரைவில் ஊர்தோறும் எழும்.

அப்போது எச்சொற்களில் விவாதிப்பது? இன்றைய தமிழ் நாளிதழ்கள் மரபணு என்னும் ஒரு சொல்லை எத்தனை பொருளில் ஆள்கின்றன என்று நோக்கலாம். தந்தை யார் எனக் காணும் டி.என்.ஏ. சோதனை மரபணுச் சோதனை. அயல் மரபணு புகுந்த கத்தரி மரபணு மாற்றுப் பயிர். 2020-க்குப் பின் தானே திரிந்த கரோனா நச்சுயிரி மரபணு மாற்றமடைந்த கரோனா. ஒருவர் வேண்டுமென்றே செய்ததும் இயற்கையில் தானே நேர்ந்ததும் தமிழில் ஒரே பெயர் பெறுகின்றன. இலங்கைத் தமிழர் பாடநூல்களில் பரம்பரையலகு என்கின்றனர். நீளமாயினும் குழப்பமில்லாத சொல். தானே நேர்வதைத் திரிபு என்றும், அயல் மரபணு புகுத்துவதை மரபணுப் புகுத்தல் என்றும், உள்ளதைச் செப்பஞ்செய்வதை மரபணுத் திருத்தம் என்றும் வேறுபடுத்தி ஆண்டால் ஓர் உழவர் கூட்டத்தில் பாதிச் சண்டை குறையும். பழுப்பு நிலக்கரி என்னும் சொல்லாக்கம் அறிவிப்புப் பலகையிலிருந்து தொழிலாளியின் நாவுக்கு வந்து நிலைத்த ஊர் இது. சொல் ஆக்கினால் நிலைக்காது என்பார்க்கு இந்நகரியமே விடை.

சொல்லாக்கம் அறிவியலார் தனித்துச் செய்யும் வேலை அன்று. மணவை முஸ்தபா போன்றோர் அகராதிகளாய்த் தொகுத்தளித்தவற்றுள் நாவில் ஏறியவையும் உண்டு, ஏட்டில் தங்கியவையும் உண்டு. எது ஏறும் என்பதை ஓசையறிந்தோர் முன்கூட்டியே உணர்வர். அவ்வோசையறிவு இவ்வட்டத்தில் பத்தாண்டுகளாய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வட்டத்தின் பதினோராம் ஆண்டுக் கூட்டங்களுள் ஒன்றைப் பாலூரிலும் ஒன்றைப் பிச்சாவரத்தை அடுத்த கிள்ளையிலும் நடத்தலாம். கத்தரி பயிரிடுவோரும் கழியில் மீன்பிடிப்போரும் அவையில் அமரட்டும். ஆராய்ச்சி நிலையத்தார் ஒருவர் தம் வேலையைத் தமிழில் எடுத்துரைக்கட்டும். அவர் ஆங்கிலச் சொல்லுக்குத் தடுமாறும் இடத்தில் கவிஞர் ஒருவர் அருகிலிருந்து சொல் எடுத்துக்கொடுக்கட்டும். கிள்ளைக் கூட்டத்தைக் காலையில் வைத்துக்கொண்டால், கூட்டம் முடிந்ததும் படகேறித் தில்லை மரத்தைத் தொலைவிலும் வெண்கண்டலின் இலையைக் கையிலும் கண்டு வரலாம்.